அடுத்த வீட்டுச் சுப்பிரமணியம்: ஒரு நாடகம், ஒரு படம், 22 ஆண்டுகள் கழித்து ஒரு தீர்ப்பு

1955 ஜனவரி. டெல்லியில் ஒரு கட்டடக் கலைஞரின் அலுவலகம். பம்பாயிலிருந்து வந்த சினிமா இயக்குநர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். கட்டடக் கலைஞர் தான் எழுதிய நாடகத்தை முழுவதும் படித்துக் காட்டி விளக்குகிறார். படமாக எடுக்கலாமா என்று பேச்சு போகிறது. வந்தவர் எந்த உறுதியும் தரவில்லை. பம்பாய் போய்ச் சொல்கிறேன் என்று கிளம்பிவிட்டார். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. அதே ஆண்டு மே மாதம் அந்த இயக்குநர் ஒரு புதுப் படத்தை அறிவித்தார்.

இவ்வளவு கேட்டதுமே நம்மில் பாதிப் பேர் மனத்துக்குள் தீர்ப்பு எழுதிவிடுவோம். கதைத் திருட்டு, வேறென்ன? நானும் முதல் தடவை படித்தபோது அப்படித்தான் நினைத்தேன். 1978 ஆகஸ்ட் 18 அன்று உச்ச நீதிமன்றம் இதில் மீறல் இல்லை என்று சொன்னது. ஆர்.ஜி. ஆனந்த் எதிர் டீலக்ஸ் ஃபிலிம்ஸ் என்ற இந்த வழக்குதான் இன்றுவரை இந்தியாவில் கதைத் திருட்டு வழக்குகளுக்கு அளவுகோல். கதை எழுதுகிறவர்கள், அதை வாங்குகிறவர்கள், இருவருக்கும் வாதாடுகிற வழக்கறிஞர்கள் எல்லோரும் இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள். ஆனால் பெரும்பாலும் அதன் ஒரு பாதியை மட்டும். மறு பாதி நீதிபதி பதக் எழுதிய சில பத்திகள். அதையும் சேர்த்துப் படித்தால்தான் பாதிப்புக்கும் நகலுக்கும் நடுவே நீதிமன்றம் எங்கே கோடு போட நினைத்தது என்பது புரியும். அதற்காகத்தான் இந்த வழக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம் என்கிறேன்.

தொடங்குமுன் ஒரு சொல் விளக்கம். தமிழில் காப்புரிமை என்ற சொல்லைக் கண்டுபிடிப்புகளுக்கும் பயன்படுத்துகிறோம், கதை, பாட்டுக்கும் பயன்படுத்துகிறோம். குழப்பம் வேண்டாம் என்பதால் இந்தக் கட்டுரையில் பதிப்புரிமை என்றே எழுதுகிறேன்.

நாடகம்

ஆர்.ஜி. ஆனந்துக்குத் தொழில் கட்டடக் கலை. நாடகம் எழுதுவதும் மேடையேற்றுவதும் அவருடைய ஆசை. 1953-இல் 'ஹம் ஹிந்துஸ்தானி' என்ற இந்தி நாடகத்தை எழுதினார். 1954 பிப்ரவரி 6 முதல் 9 வரை டெல்லி வேவல் தியேட்டரில் அது முதன்முதலாக அரங்கேறியது. பத்திரிகைகள் பாராட்டின. பிறகும் டெல்லியிலும் கல்கத்தாவிலும் பல முறை மேடையேறியது.

கதை எளிமையானது. டெல்லியில் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராசிக் குடும்பம். (வடக்கே அன்று தெற்கத்தியர் எல்லோருமே மதராசிதான்.) இரு வீடுகளும் நல்ல நட்போடு இருக்கின்றன. தமிழ் வீட்டுத் தகப்பனாரின் பெயர் சுப்பிரமணியம். அவர் வீட்டுப் பையன் அம்னி, பஞ்சாபி வீட்டுப் பெண் சந்தரைக் காதலிக்கிறான். விஷயம் தெரிந்ததும் இவ்வளவு நாள் ஒன்றாக இருந்த பெரியவர்கள் முறைத்துக்கொள்கிறார்கள். நண்பனாக இருக்கலாம், சம்பந்தியாக முடியாது என்கிற அந்த மாகாணப் பற்றைத்தான் நாடகம் கேள்வி கேட்கிறது.

சுதந்திரம் வந்து ஏழே வருடம் ஆன நேரம் அது. மொழிவாரி மாநிலங்களுக்கான கோரிக்கை நாடு முழுவதும் சூடாக இருந்தது. ஆந்திரம் 1953-இல்தான் பிரிந்தது. நாம் இந்தியரா, தமிழரா, பஞ்சாபியரா என்ற கேள்வி அன்று தெருவிலேயே கிடந்தது. வழக்கைப் புரிந்துகொள்ள இதை மனத்தில் வைத்துக்கொள்வது முக்கியம். தெருவில் கிடக்கும் கேள்வியை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

1954 நவம்பரில் இயக்குநர் மோகன் சேகல் பம்பாயிலிருந்து ஆனந்துக்குக் கடிதம் எழுதினார். நாடகத்தின் கதைச்சுருக்கம் கார்கி என்பவர் மூலம் தனக்குக் கிடைத்தது, முழுப் பிரதியை அனுப்பினால் படமாக்குவது பற்றி யோசிக்கலாம் என்பது அதன் சாரம். நாடகம் தேசிய நாடக விழாவுக்குத் தேர்வாகியிருந்த நேரம். பிரதியை அனுப்புவதற்குப் பதிலாக, நேரில் வந்து கேளுங்கள் என்று ஆனந்த் பதில் எழுதினார். அப்படித்தான் அந்த ஜனவரி சந்திப்பு நடந்தது.

மே மாதம் 'நியூ டெல்லி' என்ற படத்தின் அறிவிப்பு வந்தது. ஆனந்தின் நாடகத்தில் நடித்த ஒருவர் பம்பாயில் இருந்தபோது, தயாராகிவரும் படம் நம் நாடகத்தை அப்படியே நினைவுபடுத்துகிறது என்று தெரிவித்தார். ஆனந்த் கவலையோடு சேகலுக்கு எழுதினார். ஜூனில் பதில் வந்தது: கதை, கட்டமைப்பு, பாத்திரங்கள் எல்லாமே வேறு, உங்கள் நாடகத்தோடு இதற்குத் துளியும் சம்பந்தமில்லை. 1956 செப்டம்பரில் படம் டெல்லியில் வெளியானது. ஆனந்த் தியேட்டரில் போய்ப் பார்த்தார். வழக்குப் போட்டார்.

படம்

கிஷோர் குமாரும் வைஜயந்திமாலாவும் நடித்த படம். ஜலந்தரிலிருந்து வேலைக்காக டெல்லி வரும் ஆனந்த் என்ற பஞ்சாபி இளைஞன்தான் கதாநாயகன். (நாடகாசிரியரின் பெயரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) தங்க அறை தேடி வீடு வீடாக ஏறி இறங்குகிறான். குஜராத்தி வீட்டுக்காரர் குஜராத்திக்குத்தான் தருவேன் என்கிறார், வங்காளி வங்காளிக்குத்தான் என்கிறார். வேறு வழியில்லாமல் ஆனந்த் குமாரசாமி என்று பெயர் வைத்துக்கொண்டு மதராசி வேடம் போட்டு ஓர் அறையைப் பிடிக்கிறான். சுப்பிரமணியம் என்ற தமிழரின் மகள் ஜானகி மீது காதல் வருகிறது. ஜானகியாக வைஜயந்திமாலா.

இதற்குள் ஆனந்தின் குடும்பமே டெல்லிக்கு மாற்றலாகி வருகிறது. அவன் தங்கை நிக்கி ஒரு வங்காளி ஓவியனை விரும்புகிறாள். அவளுக்குப் பார்க்கும் மாப்பிள்ளை வீட்டில் வரதட்சணைத் தகராறு. ஜானகி தற்கொலைக்குப் போய்க் காப்பாற்றப்பட்டு, மோகினி என்ற பஞ்சாபிப் பெண்ணாக ஆனந்தின் தகப்பனார் முன்னால் நிறுத்தப்படுகிறாள். அவருக்கு அவளைப் பிடித்தும் போகிறது. யார் எந்த ஊர் என்று தெரியாதபோது பிடித்த பெண், தெரிந்தபின் மட்டும் ஏன் பிடிக்காமல் போக வேண்டும்? படத்தின் உயிர் இந்தக் கேள்வியில் இருக்கிறது. ஆள்மாறாட்டமும் வேடமும் படம் முழுக்க ஓடுகின்றன.

பதினெட்டு ஒற்றுமைகள்

உச்ச நீதிமன்றத்தில் ஆனந்தின் வழக்கறிஞர் 18 ஒற்றுமைகளைப் பட்டியலாகக் கொடுத்தார். இரண்டும் மாகாணப் பற்றைப் பேசுகின்றன. இரண்டிலும் ஒரு பஞ்சாபிக் குடும்பம், ஒரு மதராசிக் குடும்பம். இரண்டிலும் தமிழ்த் தகப்பனாரின் பெயர் சுப்பிரமணியம். இரண்டும் டெல்லியில் நடக்கின்றன. இரண்டிலும் குடும்பங்களுக்குள் முதலில் நட்பு, காதல் தெரிந்ததும் முறிவு. பிள்ளைகளுக்கு ஆடல் பாடலில் ஆசை. இப்படிப் போகிறது பட்டியல்.

ஒவ்வொன்றாக எடுத்தால் எதுவும் நிற்காது என்பது உண்மைதான். இந்தியத் தலைநகரில் பல மாநிலத்தவர் கலந்து வாழ்வதைக் காட்ட டெல்லியை விட்டால் வேறு ஊர் எது? சுப்பிரமணியம் என்பதும் அப்படித்தான். வடக்கே ஒருவர் தமிழ்ப் பாத்திரத்துக்குப் பெயர் தேடினால் கைக்கு முதலில் அகப்படுகிற பெயர்களில் ஒன்று அது. எனக்கே பள்ளியில் ஒரே வகுப்பில் மூன்று சுப்பிரமணியன்கள் இருந்தார்கள்.

ஆனால் பட்டியலின் முதல் வரியில் நான் நின்றுவிட்டேன். நாடகம் தொடங்குமுன் ஒருவர் மேடைக்கு வந்து, நாம் நம்மை ஹிந்துஸ்தானிகள் என்று சொல்லிக்கொள்கிறோம், உண்மையில் அப்படியா என்று கேட்பார். நீங்கள் யார் என்று பார்வையாளர்களைக் கேட்டதும், நான் பஞ்சாபி, நான் வங்காளி, நான் மராட்டியன், நான் மதராசி என்று அவரவர் மொழியில் குரல்கள் எழும். படத்தின் தொடக்கத்தில் கதாநாயகன் வீடு தேடும்போது ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன்னை இந்தியன் என்று சொல்லாமல் குஜராத்தி, சிந்தி, மராட்டியன் என்றே சொல்கிறார்.

இங்கே நிஜமாகவே ஏதோ கைமாறியிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. கருப்பொருள் ஒன்றாக இருப்பதால் மட்டும் வந்த ஒற்றுமை இல்லை இது. மாகாணப் பற்று என்ற கருவை எத்தனையோ விதமாகத் தொடங்கலாம். பல மாநிலத்தார் வரிசையாக வந்து தங்கள் அடையாளத்தைச் சொல்வது என்ற அந்த வரிசை, ஓர் எழுத்தாளர் தேர்ந்தெடுத்த வழி. அதே சமயம் படம் அதை அப்படியே எடுத்து வைக்கவும் இல்லை. நாடகத்தில் கேட்டவை பார்வையாளர் பக்கத்திலிருந்து வந்த குரல்கள். படத்தில் தெரிவது பெட்டியும் கையுமாகப் படியேறி இறங்கும் ஒரு வேலை தேடும் பையன், சாத்தப்படும் கதவுகள். கேட்டதை உள்வாங்கி வேறொரு பொருளாகச் செய்திருக்கிறார்கள். பாதிப்பு என்று நாம் சொல்லும்போது உண்மையில் குறிக்கிற செயல் இதுதான். இது அனுமதிக்கப்பட்டதா என்பதுதான் வழக்கே.

ஃபசல் அலி வரைந்த கோடு

விசாரணை நீதிமன்றம் நாடகத்தின் பதிப்புரிமை ஆனந்துக்குத்தான் என்று ஏற்றது. ஆனால் மீறல் இல்லை என்று வழக்கைத் தள்ளியது. டெல்லி உயர் நீதிமன்றம் 1967-இல் அதை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றத்தில் மூன்று நீதிபதிகள்: முர்தசா ஃபசல் அலி, ஜஸ்வந்த் சிங், ஆர்.எஸ். பதக். முதன்மைத் தீர்ப்பை எழுதியவர் ஃபசல் அலி.

இந்தியாவின் சொந்தப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டு 1958 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. படம் அதற்கு முந்தையது என்பதால் 1911-ஆம் ஆண்டு பிரிட்டிஷ் சட்டத்தின் அடிப்படையில்தான் வழக்கைப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால் ஃபசல் அலி பல இங்கிலாந்து, அமெரிக்க, இந்தியத் தீர்ப்புகளை அலசி ஏழு கோட்பாடுகளாகத் தொகுத்தார்.

அவற்றில் அடித்தளம் முதல் கோட்பாடு. கரு, பொருள், கதைப்போக்கு, வரலாற்று அல்லது புராணச் செய்திகள் ஆகியவற்றில் யாருக்கும் பதிப்புரிமை கிடையாது. அந்தக் கருவை ஒருவர் சொன்ன வடிவம், முறை, அடுக்கு, வெளிப்பாடு ஆகியவற்றுக்கே பாதுகாப்பு. ஒரே கருவை இருவர் கையாண்டால் சில ஒற்றுமைகள் வரத்தான் செய்யும். அவை அடிப்படையான இடங்களில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கரு ஒன்றாக இருந்தும் கையாண்ட விதம் மாறிப் புதுப் படைப்பாகிவிட்டால் மீறல் இல்லை. ஒற்றுமைகளோடு பெரிய வேற்றுமைகளும் இருந்து, நகலெடுக்கும் நோக்கம் இல்லை என்று அவை காட்டினால் அப்போதும் மீறல் இல்லை. மீறல் என்பது திருட்டுக்குச் சமமான குற்றச்சாட்டு, ஆகவே தெளிவான சான்று வேண்டும்.

மூன்றாவது கோட்பாடுதான் மிகப் பிரபலம். மிக உறுதியான, மிகப் பாதுகாப்பான சோதனைகளில் ஒன்று என்று தீர்ப்பே அதைச் சொல்கிறது. இரண்டையும் படித்த அல்லது பார்த்த ஒருவருக்குப் பின்னது முன்னதன் நகல் என்ற சந்தேகமில்லாத எண்ணம் வருகிறதா? வந்தால் மீறல். நிபுணர் வேண்டாம், சாதாரணப் பார்வையாளர் போதும். எனக்கு இந்தச் சோதனை பிடிக்கும், ஏனென்றால் இது படைப்பை ஒரு முழுப் பொருளாகப் பார்க்கச் சொல்கிறது. மெட்ராஸ் உயர் நீதிமன்றமும் இதற்கு முன்பே சாமி படம் ஒன்றைப் பற்றிய வழக்கில் இதே பாதையில் போனது. அதுவும் ஒரு சுப்பிரமணியர்தான், நம் முருகன். முருகனையும் மயிலையும் யார் வேண்டுமானாலும் வரையலாம், அது யாருடைய சொத்தும் இல்லை. ஆனால் ஓர் ஓவியர் வரைந்த முருகனைச் சில்லறை மாற்றங்களோடு அச்சடித்தால் கண்ணே சொல்லிவிடும்.

ஏழாவது கோட்பாட்டில்தான் எனக்கு நெருடல். மேடை நாடகத்தை ஒரு படம் மீறியது என்று நிரூபிப்பது வாதிக்கு இன்னும் கடினம் என்கிறது அது. படத்துக்குப் பரந்த களம் இருக்கிறது, பல சம்பவங்களைச் சேர்த்து வேறு நிறம் கொடுக்க முடியும் என்பதே காரணம். இது ஒரு நடைமுறை உண்மை, மறுக்கவில்லை. ஆனால் இதை விதியாகப் பிடித்துக்கொண்டால், யாரிடம் காசும் ஆளும் அதிகமோ அவருக்குத் தப்பிக்கும் வழியும் அதிகம் என்றாகிவிடும். ஒரு நாடகாசிரியரால் எட்டுப் பாட்டும் மூன்று கிளைக்கதையும் சேர்க்க முடியாது. தயாரிப்பாளரால் முடியும். ஃபசல் அலியும் இதை உணர்ந்தே, அப்படியிருந்தாலும் மொத்தத்தில் படம் நாடகத்தின் நகல் என்ற எண்ணம் வந்தால் மீறல்தான் என்று அதே பத்தியை முடிக்கிறார். பேச்சுகளிலும் வாதங்களிலும் இந்தக் கடைசி வரி மட்டும் எப்படியோ கழன்றுவிடுகிறது.

கோட்பாடுகளை வழக்கோடு பொருத்தியபோது நீதிமன்றம் கண்டது இது. நாடகத்தில் ஒரே கரு, திருமணத்தில் குறுக்கே நிற்கும் மாகாணப் பற்று. படத்தில் அதோடு வீடு வாடகைக்கு விடுவதில் காட்டும் மாகாணப் பற்றும், வரதட்சணைக் கொடுமையும் இருக்கின்றன. நாடகத்தில் பையன் தமிழன், படத்தில் பெண் தமிழ்ப் பெண். ஒற்றுமைகள் சில்லறையானவை. நாடகத்தையும் படத்தையும் பார்த்த விவரமுள்ள எவருக்கும் இது நகல் என்று தோன்றாது. மேல்முறையீடு தள்ளுபடி.

அதே கதை, வேறு நாடு

இரண்டு சமூகக் குடும்பங்கள், அவற்றுக்கு நடுவே ஒரு காதல் என்ற இதே அமைப்பு 1930-இல் நியூயார்க்கில் ஒரு வழக்கில் வந்திருக்கிறது. ஆன் நிக்கல்ஸ் என்ற பெண் எழுதிய நாடகத்தில் ஒரு யூதக் குடும்பமும் ஓர் ஐரிஷ் குடும்பமும். யூனிவர்சல் நிறுவனம் எடுத்த படத்திலும் அதே இரண்டு சமூகங்கள், அதே எதிர்ப்பு, அதே சமாதானம். நீதிபதி லெர்னட் ஹேண்ட் மீறல் இல்லை என்றார். ஒரு நாடகத்திலிருந்து சம்பவங்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போனால், மேலே போகப் போகப் பொதுவான வடிவங்கள் கிடைக்கும். ஒரு கட்டத்துக்கு மேல் அது கருவாகிவிடும், அங்கே பாதுகாப்பு இல்லை என்பது அவர் விளக்கம். அந்த எல்லையை இதுவரை யாராலும் வரையறுக்க முடிந்ததில்லை, இனியும் முடியாது என்றும் எழுதினார்.

இதே நீதிபதி ஆறு ஆண்டுகள் கழித்து, 1936-இல், வேறு பக்கம் நின்றார். 1857-இல் ஸ்காட்லாந்தில் நடந்த மேடலின் ஸ்மித் கொலை வழக்கை வைத்து இருவர் ஒரு நாடகம் எழுதியிருந்தார்கள். எம்ஜிஎம் நிறுவனம் அதன் உரிமையை வாங்கப் பேசியது, பேச்சு முறிந்தது. பிறகு அதே கொலை வழக்கைத் தழுவிய ஒரு நாவலின் உரிமையை வாங்கி 'லெட்டி லிண்டன்' என்ற படத்தை எடுத்தது. கொலை வழக்கு வரலாறு, பொதுச் சொத்து. ஆனால் வரலாற்றில் இல்லாத, நாடகாசிரியர்கள் தாமே கட்டிய பாத்திரங்களும் காட்சி வரிசையும் படத்தில் வந்திருந்தன. மீறல் என்று ஹேண்ட் தீர்த்தார். தான் எதையெல்லாம் திருடவில்லை என்று காட்டி எந்தத் திருடனும் தன் தவற்றுக்கு மன்னிப்புத் தேட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் புகழ்பெற்ற வரி. பின்னர் 1940-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் படத்தின் நிகர லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கை நாடகாசிரியர்களுக்குக் கொடுக்கச் சொன்ன தீர்ப்பை உறுதி செய்தது.

இந்த இரண்டையும் அருகருகே வைத்தால் ஒன்று தெளிவாகிறது. முதல் வழக்கில் பொதுவாக இருந்தது இரு குடும்பச் சண்டை என்ற கூடு. இரண்டாவதில் கைமாறியது ஒருவர் உட்கார்ந்து யோசித்து அடுக்கிய நிகழ்ச்சிகளின் வரிசை. எவ்வளவு சேர்த்தாய் என்ற கேள்விக்கு அங்கே மதிப்பில்லை. எதை எடுத்தாய் என்பதே கேள்வி. ஃபசல் அலியின் ஐந்தாவது கோட்பாடு, வேற்றுமைகள் நோக்கத்தை மறுக்கும் என்று சொல்லும்போது, சேர்த்தவற்றின் பக்கம் கொஞ்சம் அதிகமாகச் சாய்கிறது என்பது என் கருத்து.

பதக் எழுதியது

சரி, இப்போது அந்த விடுபட்ட பத்திகள். பதக் தீர்ப்பின் முடிவோடு உடன்பட்டார். ஆனால் எப்படி உடன்பட்டார் என்பதைப் பாருங்கள். நாடகப் பிரதியையும் படப் பிரதியையும் ஒப்பிட்டால், படத்தை எழுதியவர்கள் நாடகக் கதையின் முக்கிய அம்சங்களால் ஓரளவு பாதிக்கப்பட்டிருப்பது தெரிகிறது என்றார். நாடகத்தின் அமைப்பு அவர்களுக்குத் தெரிந்திருந்தது என்பதில் சந்தேகம் இல்லை என்றார். படம் நாடகத்தைத் தாண்டியும் போகிறது என்பதை ஒப்புக்கொண்டார். அப்புறம் கேட்டார்: நாடகத்தின் சாரம் படத்தின் ஒரு பகுதியோடு மட்டுமே பொருந்தினால் மீறல் ஆகாதா? முக்கியப் பாத்திரங்களின் இடங்களைத் தலைகீழாக மாற்றலாம், அலங்காரங்கள் சேர்க்கலாம்; ஆனால் கருவைக் கையாண்ட விதமும் அதன் வெளிப்பாடும் எடுக்கப்பட்டிருந்தால் மீறல் என்ற வாதம் ஏன் நிற்காது?

பையனைப் பஞ்சாபியாக்கிப் பெண்ணைத் தமிழ்ப் பெண்ணாக்கியது முதன்மைத் தீர்ப்பில் ஒரு வேற்றுமை. பதக்கின் பார்வையில் அதுவே மறைப்பதற்கான வழியாகவும் இருக்கலாம். ஒரே விவரம் இருவருக்கு இரு விதமாகத் தெரிந்திருக்கிறது.

சான்றுகளைத் தானே புதிதாக எடைபோட வேண்டியிருந்தால் வேறு முடிவுக்கு வந்திருக்கக்கூடும் என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் விசாரணை நீதிமன்றமும் உயர் நீதிமன்றமும் ஒரே உண்மை முடிவுக்கு வந்திருக்கின்றன. சிறப்பு அனுமதியில் வரும் மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் பொதுவாக அப்படிப்பட்ட ஒத்த முடிவுகளைக் கலைப்பதில்லை. அதனால்தான் விட்டேன் என்கிறார். கடைசியாக ஓர் எச்சரிக்கை. முக்கியமில்லாத மாற்றங்களைச் செய்து, கருவை விரித்து, வேற்றுமை என்ற திரையைப் போர்த்திவிட்டால் பதிப்புரிமையை எளிதாக மீறலாம் என்ற எண்ணம் பரவியிருக்கலாம். இன்னொரு, இதைவிடத் தெளிவான வழக்கில் இந்த நீதிமன்றம் தலையிட்டு அந்த எண்ணத்தைப் போக்க வேண்டிவரலாம். அப்பட்டமான நகலை மட்டுமில்லாமல் நிறம் மாற்றிய நகலையும் நீதிமன்றம் கண்டிப்போடு பார்க்கும்.

பதக் பின்னாளில் இந்தியத் தலைமை நீதிபதியானார். அவருடைய இந்தப் பத்திகள் ஏழு கோட்பாடுகளைப்போல மனப்பாடம் ஆகவில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம். கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது என்ற ஒரே வரியை அனுமதிச் சீட்டாக நீட்டுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மறு பக்கமும் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு தயாரிப்பு நிறுவனத்தில் ஒரு கதை சொன்னேன். ஒன்றரை வருடம் கழித்து வேறொரு படம் வந்தபோது என் கதை போய்விட்டது என்று இரண்டு நாள் தூங்கவில்லை. மூன்றாம் நாள் என் சீன் ஆர்டரை (காட்சிகள் வரும் வரிசையை) ஒரு தாளில் எழுதி, படத்தின் சீன் ஆர்டரை மறு தாளில் எழுதி வரிக்கு வரி பார்த்தேன். ஒன்லைன், அதாவது ஒரு வரிக் கதை, ஒன்றுதான்; மற்ற எதுவும் ஒன்றில்லை. திருப்பங்கள் வேறு, அவை வரும் இடங்கள் வேறு, யாருடைய கண் வழியே கதை நகர்கிறது என்பதே வேறு. கசப்பாக இருந்தாலும் நான் இழந்தது ஒரு கரு மட்டும் என்று ஒப்புக்கொண்டேன். அந்த நிறுவனத்தைத் திருடர்கள் என்று நண்பர்களிடம் சொன்னதைத் திரும்பப் பெற்றேன். அதிலிருந்து யாராவது கதை போச்சு என்று வந்தால், முதலில் இந்த இரண்டு தாள்களைத்தான் எழுதச் சொல்கிறேன். பெயர், ஊர், தொழில், ஆண் பெண் இவற்றையெல்லாம் அடித்துவிட்டு, எதற்குப் பிறகு எது நடக்கிறது, ஏன் நடக்கிறது என்பதை மட்டும் எழுத வேண்டும். அந்த வரிசை பல இடங்களில் ஒட்டிக்கொண்டால் பதக் சொன்ன திரையின் பின்னால் ஏதோ இருக்கிறது.

அந்த ஜனவரி அறைக்குத் திரும்பினால்

ஆனந்த் போட்டது பதிப்புரிமை வழக்கு. அதனால் நீதிமன்றம் இரண்டு படைப்புகளை ஒப்பிட்டது. அவர் மனத்தை உண்மையில் அறுத்தது என்னவாக இருக்கும் என்று யோசித்தால், என் கதையை எடுத்துவிட்டார்கள் என்பதோடு, நம்பிப் படித்துக் காட்டினேனே என்பதும் இருந்திருக்கும். சட்டத்தில் இந்த இரண்டாவது காயத்துக்குத் தனி வழி இருக்கிறது: நம்பிக்கை மீறல். ஒரு வேலைக்காக இரகசியமாகச் சொன்ன விஷயத்தை, சொன்னவர் அனுமதியில்லாமல் கேட்டவர் தனக்காகப் பயன்படுத்தக் கூடாது. இங்கே கருவுக்குப் பதிப்புரிமை உண்டா இல்லையா என்ற கேள்வியே முதன்மையில்லை. சொன்னது போதிய விவரத்தோடு வளர்ந்த ஒன்றா, புதியதா, இரகசியமாகச் சொல்லப்பட்டதா, கேட்டவர் அதைப் பயன்படுத்தினாரா என்று பார்ப்பார்கள்.

தொலைக்காட்சி காலத்தில் இந்த வழி கைகொடுத்தது. 2002-இல் டெல்லி உயர் நீதிமன்றம், சுயம்வரத்தை அடிப்படையாகக் கொண்ட ஒரு நிகழ்ச்சித் திட்டத்தைச் சேனலிடம் முதலில் சொன்னவருக்குத் தற்காலிகத் தடை உத்தரவு கொடுத்தது. 2003-இல் பம்பாய் உயர் நீதிமன்றம் ஜீ டெலிஃபிலிம்ஸ் எதிர் சன்டயல் கம்யூனிகேஷன்ஸ் வழக்கில் இன்னும் விரிவாகப் பேசியது. ஒரு குடும்பத்தின் துயரைத் தீர்க்க வரும் குழந்தைக் கண்ணன் என்ற தொடர்க் கதைத் திட்டத்தை சன்டயல் நிறுவனம் ஜீயிடம் சொல்லியிருந்தது. பின்னர் ஜீயின் தொடர் அதே போலத் தயாரானது. கண்ணன் கதை பொதுச் சொத்து, இதில் யாருக்கு உரிமை என்ற வாதம் அங்கும் வந்தது. பொதுவில் கிடைப்பதை வைத்து ஒருவர் தன் மூளையால் புதிதாக ஒன்றை உருவாக்கி இரகசியமாகச் சொல்லியிருந்தால் அதற்குப் பாதுகாப்பு உண்டு என்று நீதிமன்றம் ஏற்றது. தடை நின்றது.

கதை சொல்லப் போகிறவர்களுக்கு ஆகவே என் வேண்டுகோள்கள் ஒன்றிரண்டுதான். ஒன்லைனோடு மட்டும் போய்ச் சொல்லாதீர்கள். சட்டத்தின் கண்ணில் அது காற்று. சீன் ஆர்டர் வரை எழுதி, எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துவிட்டுப் போங்கள். சொல்லிவிட்டு வந்த அன்றைக்கே, இன்று இன்னார் முன்னிலையில் இந்தக் கதையை உங்கள் பரிசீலனைக்காக மட்டும் சொன்னேன் என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், பிரதியையும் இணைத்து. கேட்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். கேட்ட கதையை எடுக்கப் போவதில்லை என்றால், ஏன் வேண்டாம் என்பதையும், அதே கருவில் ஏற்கெனவே வேலை நடந்துகொண்டிருந்தால் அதையும் சேர்த்து, அந்த வாரமே இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். மோகன் சேகல் அந்தக் கடிதத்தைப் பிப்ரவரியிலேயே எழுதியிருந்தால், மே மாத அறிவிப்பை ஆனந்த் வேறு மனத்தோடு படித்திருப்பார்.